செயலுறு பேரடைகள் ஏன் கூட்டமாக இருக்கின்றன? கரும்பொருளோடு அவற்றுக்கு என்ன உறவு?

குறிஞ்சிவாணன் | ஞாயிறு, காலை 10:15

அனைவருக்கும் வணக்கம். சில வாரங்களாகக் குவேசார்களைப் பற்றி வாசித்து வருகிறேன். நடுவில் இருக்கும் பெருங்கருந்துளை வாயுவை உள்ளிழுப்பதால் மையம் மட்டும் மிகையாக ஒளிரும் பேரடைகளைச் செயலுறு பேரடைகள் என்கிறார்கள் என்பதும், அவற்றில் மிகப் பிரகாசமானவையே குவேசார்கள் என்பதும் புரிகின்றன. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையில் 0.158 செம்பெயர்ச்சியை, அதாவது பேரண்டம் விரிவதால் அதன் ஒளி அலைகள் சிவப்புப் பக்கம் நீண்டிருக்கும் அளவை, கண்டறிந்த கதையையும் வாசித்தேன்.

அதற்கடுத்த படியில் நின்றுவிட்டேன். இவை வானத்தில் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்காமல் ஒன்றையொன்று நாடித் திரண்டிருக்கின்றன என்கிறார்கள். அந்தத் திரட்சியை அளந்து, ஒவ்வொரு குவேசாரும் எவ்வளவு நிறையுள்ள கரும்பொருளுக்குள், அதாவது ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் ஒளிராப் பொருளுக்குள், அமர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு ஐயங்கள். கருந்துளை கரும்பொருளை விழுங்கித்தான் ஒளிர்கிறதா? அப்படி இல்லையென்றால், கண்ணுக்கே புலப்படாத ஒன்றின் நிறையை ஒரு கூட்டத்தின் நெருக்கம் எப்படிச் சொல்லும்?

---

நிறமாலை | ஞாயிறு, பிற்பகல் 12:40

முதல் ஐயத்துக்கு விடை சொல்கிறேன். கருந்துளையின் ஒளிக்கு இரை வாயுதான். வாயுவின் துகள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, சூடாகின்றன, அந்தச் சூட்டைக் கதிராக வெளியேற்றுகின்றன. சுழற்சியைப் படிப்படியாக இழந்து தட்டுபோல் படிந்து உள்ளே இறங்குவது அதனால்தான் சாத்தியமாகிறது. கரும்பொருள் மோதுவதில்லை, ஒளிர்வதுமில்லை. உள்ளே விழும் கரும்பொருள் துகள் ஒன்று மையத்தைச் சுற்றி வளைந்து, வந்த வேகத்திலேயே மறுபக்கம் வெளியேறிவிடும். அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை.

அளவுகளையும் பாருங்கள். 10 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையின் ஆரம் சுமார் 30 கோடி கிலோமீட்டர், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் இரண்டு மடங்கு. அது வாழும் பேரடையைச் சூழ்ந்திருக்கும் கரும்பொருள் உறையின், அதாவது ஆய்வாளர்கள் ஹாலோ என்று சொல்வதன், ஆரம் பத்து லட்சம் ஒளி ஆண்டை நெருங்கும். இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் கோடி மடங்கு வேறுபாடு. இத்தனை சிறிய ஒன்று இத்தனை பெரிய ஒன்றை நேரடியாக உணர வழியே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனாலும் உறவு இருக்கிறது. ஹாலோவின் ஈர்ப்புதான் வாயுவைச் சேர்த்து வைக்கிறது, அண்டைப் பேரடைகளை இழுத்து வருகிறது, அந்தப் பேரடை எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. அந்த வீட்டில் எரியும் விளக்குதான் கருந்துளை. திரட்சியை அளக்கும்போது நாம் எடை போடுவது வீட்டை.

---

பழைய கரும்பலகை | ஞாயிறு, மாலை 6:05

இரண்டாவது ஐயம் ஆழமானது. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அதற்கு என் வகுப்பில் சொல்லியிருக்கக்கூடிய விடையை எழுதுகிறேன்.

தென்னிந்திய வரைபடம் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட எல்லா மலைகளுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். சேர்வராயன், கொல்லிமலை, சவ்வாது, பச்சைமலை என்று புள்ளிகள் பரவலாக விழும். இப்போது அவற்றை அழித்துவிட்டு 2,500 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களை மட்டும் குறியுங்கள். கிழக்கே ஒன்றும் மிஞ்சாது. நீலகிரியில் ஒரு கொத்து, ஆனைமலையும் பழனி மலையும் சேரும் பகுதியில் ஒரு கொத்து, அவ்வளவுதான். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயர்ந்திருப்பது அந்தச் சிகரத்தின் தனித்திறனால் மட்டுமல்ல. அதன் அடியில் ஏற்கெனவே உயர்ந்த ஒரு பீடபூமி இருக்கிறது. அந்தப் பீடபூமியின் மேல் எழும் சிறு மேடுகூட எல்லையைத் தாண்டிவிடுகிறது. எல்லையை உயர்த்த உயர்த்த, தேறும் சிகரங்கள் மேலும் மேலும் நெருங்கிக் கொத்தாகின்றன.

1984இல் நிக் கைசர் விண்மீன் பேரடைக் கொத்துகளுக்குக் காட்டியது இதைத்தான். பேரண்டத்தின் தொடக்க அடர்த்தி மேடுபள்ளங்களில் மிக உயர்ந்த மேடுகள்தான் பெரிய ஹாலோக்களாகச் சரிந்து உருவாகின்றன. எனவே பெரிய ஹாலோக்கள், மொத்தக் கரும்பொருளைவிட அதிகமாகத் திரண்டிருக்கும். எத்தனை மடங்கு அதிகம் என்ற எண்ணுக்குப் பயஸ் என்று பெயர். ஹாலோவின் நிறை கூடினால் பயஸும் கூடும். ஆகவே குவேசார்களின் திரட்சியை அளந்து, கரும்பொருளின் திரட்சியோடு ஒப்பிட்டுப் பயஸைப் பெற்றால், அவை எந்த உயரத்துச் சிகரங்களில் அமர்ந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

திரட்சியை அளக்கும் முறையும் எளியதே. ஒரு பேரடையிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் இன்னொரு பேரடை இருக்கும் வாய்ப்பு, முற்றிலும் ஒழுங்கற்ற பரவலில் இருப்பதைவிட எவ்வளவு அதிகம் என்று எண்ணுகிறோம். இதற்கு இருபுள்ளி ஒட்டுறவுச் சார்பு என்று பெயர். சாதாரணப் பேரடைகளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஒளி ஆண்டுத் தொலைவில் அந்த வாய்ப்பு இரு மடங்காகிறது. தொலைவு கூடக்கூட அது சீராகக் குறைகிறது.

---

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:30

ஐயா, மலை எடுத்துக்காட்டு மனத்தில் நன்றாகப் பதிந்தது. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. குவேசாரின் திரட்சியை அளக்கிறோம், சரி. கரும்பொருளின் திரட்சியை யார் அளந்தார்கள்? அது கோட்பாட்டிலிருந்து வருவதாக இருந்தால், கோட்பாட்டை வைத்தே கோட்பாட்டை மெய்ப்பிக்கும் வட்டமாகிவிடாதா?

---

நிறமாலை | ஞாயிறு, இரவு 10:50

கேட்க வேண்டிய கேள்விதான். கரும்பொருளின் திரட்சிக்குத் தொடக்கப் புள்ளி, பேரண்டம் சுமார் 3,80,000 ஆண்டு வயதில் இருந்தபோது வெளியான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. அதன் வெப்பநிலையில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஏற்ற இறக்கங்களைப் பிளாங்க் விண்கலம் நுட்பமாக அளந்திருக்கிறது. அங்கிருந்து ஈர்ப்பு விதியின்படி மேடுகள் எவ்வளவு வளரும் என்பது கணக்கு. இந்த இடத்தில் நீங்கள் சொல்வதுபோல் கோட்பாடு நுழைகிறது.

ஆனால் இதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. தொலைவிலுள்ள பேரடைகளின் ஒளி, இடையிலுள்ள ஹாலோவைக் கடக்கும்போது சற்று வளைகிறது. பின்னணிப் பேரடைகளின் உருவங்கள் ஒரு திசையில் மெல்ல நீள்கின்றன. ஒரு பேரடையைச் சுற்றி இதை அளக்க முடியாது, அவ்வளவு மெலிதானது. ஆயிரக்கணக்கான பேரடைகளைச் சுற்றி அளந்து கூட்டினால், ஹாலோவின் சராசரி நிறை நேரடியாகக் கிடைக்கும். ஸ்லோன் என்ற பெரிய வான அளவீட்டில் இருந்த செயலுறு பேரடைகளுக்கு 2009இல் ரேச்சல் மண்டல்பாமும் குழுவினரும் இந்த வளைவையும் திரட்சியையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். இரண்டு வழிகளும் முரண்படாமல் ஒன்றுக்கொன்று துணை நின்றன. வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த சாட்சி என்பதால்தான் நான் இந்த முறையை நம்புகிறேன்.

இனி இந்த முறை தந்த முடிவுக்கு வருகிறேன். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்ததும் அதுவே. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள 3.9 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 20,000க்கும் மேற்பட்ட குவேசார்களின் நிறமாலைகளைப் பதிவுசெய்தார்கள். 2005இல் ஸ்காட் குரூம் தலைமையிலான குழு அவற்றின் திரட்சியைக் காலவாரியாகப் பிரித்துப் பார்த்தது. செம்பெயர்ச்சி 0.5 அருகே, அதாவது சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முன், பயஸ் 1.1. செம்பெயர்ச்சி 2.5 அருகே, அதாவது சுமார் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன், பயஸ் 4.2. அந்தப் பழங்காலத்தில் கரும்பொருள் இன்றைய அளவுக்குத் திரண்டிருக்கவில்லை. அதன் ஏற்ற இறக்கம் இன்றையதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். ஆகவே பயஸ் கூடியதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு காலத்துப் பயஸையும் அந்தந்தக் காலத்து ஹாலோ நிறையாக மாற்றினால், எல்லாக் காலத்திலும் ஏறத்தாழ ஒரே விடைதான் வருகிறது. சுமார் நான்கு லட்சம் கோடி சூரிய நிறை. நமது பால்வழியின் ஹாலோ சுமார் ஒரு லட்சம் கோடி என்று வைத்துக்கொண்டால், அதைப்போல் நான்கு மடங்கு.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஹாலோக்கள் காலப்போக்கில் வளர்ந்துகொண்டே போகும். 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு லட்சம் கோடி நிறையோடு இருந்த ஹாலோ, இன்று பேரடைக் குழுவாகவோ சிறு கொத்தாகவோ வளர்ந்திருக்கும். அதன் நடுவில் இருப்பது இன்று அமைதியான பெரிய நீள்வட்டப் பேரடையாக இருக்கும். அன்றைய குவேசாரும் பிற்காலத்துக் குவேசாரும் வேறு வேறு வம்சங்கள். ஒவ்வொரு ஹாலோவும் வளர்கையில் இந்த நிறையை எட்டும் கட்டத்தில் குவேசாராக எரிகிறது, அதைக் கடந்ததும் அணைகிறது. பருவமடைவது போல, எல்லாருக்கும் வருகிறது, ஒவ்வொருவருக்கும் வேறு ஆண்டில் வருகிறது.

---

குறிஞ்சிவாணன் | திங்கள், காலை 7:20

இதைப் படித்துவிட்டு நேற்றிரவு வெகுநேரம் உறங்கவில்லை. அந்தப் பருவம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதும் தெரியுமா?

---

நிறமாலை | திங்கள், காலை 9:10

அதையும் திரட்சிதான் சொல்கிறது. 2001இல் பால் மார்ட்டினியும் டேவிட் வைன்பர்க்கும், தனியே ஹைமனும் ஹுயியும் காட்டிய வழி இது. குவேசார்கள் அமர்ந்திருக்கும் ஹாலோவின் நிறை தெரிந்தால், அந்த நிறையில் மொத்தம் எத்தனை ஹாலோக்கள் பேரண்டத்தில் உண்டு என்பதைக் கணக்கிடலாம். குவேசார்கள் அவற்றைவிட மிகக் குறைவாகவே தென்படுகின்றன. நூறு வீடுகளில் எந்த நேரத்திலும் ஒரு வீட்டில்தான் விளக்கு எரிகிறது என்றால், ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு நூறில் ஒரு பங்கு நேரமே எரிகிறது என்று கொள்ளலாம் அல்லவா? இப்படிக் கிடைக்கும் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலிருந்து சில பத்துக் கோடி ஆண்டுகள் வரை பரந்து கிடக்கிறது. கருந்துளை தன் முழு வேகத்தில் உண்டால் அதன் நிறை ஏறத்தாழ மூன்று மடங்காகச் சுமார் 4.5 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டும் ஒரே வட்டாரத்தில் நிற்பது மனநிறைவு தருகிறது.

---

தரவுத்தோழி | திங்கள், இரவு 8:45

நான் வானியலாளர் அல்லள், மென்பொருள் துறையில் இருக்கிறேன். ஸ்லோன் அளவீட்டின் குவேசார் பட்டியல் எவரும் இறக்கிக்கொள்ளக்கூடியது என்பதால், சென்ற ஆண்டு விடுமுறையில் இந்த ஒட்டுறவுச் சார்பை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். எண்ணுவது எளிது என்று ஐயா எழுதியிருக்கிறார். அந்த எளிமைக்குள் இருக்கும் கண்ணிகளைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உண்மைப் பட்டியலில் உள்ள ஜோடிகளை எண்ண வேண்டும். கணினி உருவாக்கும் ஒழுங்கற்ற போலிப் பட்டியலில் உள்ள ஜோடிகளையும், இரண்டுக்கும் இடைப்பட்ட ஜோடிகளையும் எண்ண வேண்டும். மூன்றையும் 1993இல் லாண்டியும் சாலேயும் தந்த வாய்பாட்டில் இட வேண்டும். முதல் முறை செய்தபோது, மிகப் பெரிய தொலைவுகளிலும் திரட்சி குறையாமல் நின்றது. பேரண்டத்தையே புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேனோ என்று ஒரு மாலை முழுதும் பரபரப்பாக இருந்தேன். பிறகுதான் தவறு தெரிந்தது. என் போலிப் பட்டியல் அளவீட்டுப் பரப்பு முழுவதும் சமமாகப் பரவியிருந்தது. உண்மைப் பட்டியலிலோ பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி வெட்டப்பட்ட பகுதிகளும், நமது பேரடையின் தூசி மறைக்கும் பகுதிகளும் வெறுமையாக இருந்தன. குவேசார்கள் அங்கே இல்லாமலில்லை, பார்க்கப்படவில்லை. அந்த மறைப்புகளைப் போலிப் பட்டியலிலும் அப்படியே வெட்டிய பிறகு போலித் திரட்சி கரைந்துபோனது.

அடுத்த கண்ணி அருகிலுள்ள ஜோடிகளில் இருந்தது. நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்டில் இருக்கும், ஸ்லோன் அளவீட்டைச் செய்த 2.5 மீட்டர் தொலைநோக்கி, வானத்தின் ஒரு பகுதியை நோக்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஓர் அலுமினியத் தகட்டைப் பயன்படுத்தியது. அந்தப் பகுதியில் உள்ள ஒவ்வொரு இலக்கின் ஒளியும் விழும் இடத்தில் தகட்டில் ஒரு துளை. துளை ஒவ்வொன்றிலும் ஓர் ஒளியிழையைப் பணியாளர்கள் பகலில் கையால் செருகினார்கள். தொடக்கத்தில் ஒரு தகட்டுக்கு 640 இழைகள், பின்னர் 1,000. இழையின் முனை உறைக்கும் தடிமன் உண்டல்லவா? எனவே 55 விகலைக்குக் (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) குறைவான இடைவெளியில் இரு துளைகளில் ஒரே நேரத்தில் இழை செருக முடியாது. வானத்தில் இரண்டு குவேசார்கள் ஒட்டி நின்றால் ஒன்றுக்குத்தான் நிறமாலை கிடைக்கும். அருகருகே இருப்பவற்றை எண்ணுவதுதான் நம் நோக்கம், அவற்றைத்தான் கருவி தவறவிடுகிறது. பேரண்டத்தின் கட்டமைப்பைப் பற்றிய ஒரு எண்ணில் ஓர் இழை உறையின் தடிமன் கலந்திருப்பதைக் கண்டபோது, இந்த ஆய்வுகளைச் செய்பவர்கள்மேல் என் மதிப்பு பல மடங்கு கூடியது.

---

வைகைக்கரை | செவ்வாய், மாலை 5:30

அருமையான பதிவு, தோழி. இப்போது என் அடுத்த ஐயம். ஹாலோ விளக்கை ஏற்றுகிறது என்றால், ஏற்றும் கை எது? பேரடைகள் மோதி இணைவதுதான் காரணம் என்று பல இடங்களில் வாசித்திருக்கிறேன்.

---

பழைய கரும்பலகை | செவ்வாய், இரவு 7:50

அதற்கு முன் ஒரு செய்தி. 1943இல் கார்ல் சைஃபர்ட் ஆறு பேரடைகளின் பிரகாசமான மையங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் செயலுறு பேரடைகளின் வரலாறு தொடங்குகிறது. அதே ஆண்டில், அதே ஆய்விதழின் அதே தொகுதியில், சுப்பிரமணியன் சந்திரசேகர் இயக்கவியல் உராய்வு பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கனமான ஒரு பொருள் விண்மீன் திரளுக்குள் நகரும்போது, தன் ஈர்ப்பால் பின்னே ஒரு செறிவை உண்டாக்குகிறது. அந்தச் செறிவு அதைப் பின்னோக்கி இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. சந்திரசேகர் அன்று விண்மீன்களுக்கு எழுதிய அதே கணக்கு, இன்று கரும்பொருள் ஹாலோவுக்குள் விழும் ஒரு பேரடை எவ்வளவு காலத்தில் மையத்தை அடைந்து இணையும் என்று சொல்கிறது. ஒரே தொகுதிக்குள் அடங்கிய அந்த இரு கட்டுரைகளும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரே கேள்வியில் சந்திக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எக்ஸ் கதிரில் செயலுறு பேரடைகளை ஆயிரக்கணக்கில் கண்டறிந்த, 1999இல் ஏவப்பட்ட விண்கலமும் அவர் பெயரையே தாங்கியது.

இனி உங்கள் ஐயம். மோதல் காரணமானால் செயலுறு பேரடைகள் சிதைந்த உருவத்தோடு இருக்க வேண்டும். 2011இல் மவுரிசியோ சிஸ்டர்னாசும் குழுவினரும் ஹபிள் விண்தொலைநோக்கி எடுத்த, காஸ்மோஸ் வயல் எனப்படும் வானப் பகுதியின் படங்களில் 140 செயலுறு பேரடைகளையும், ஒப்பீட்டுக்கு 1,264 சாதாரணப் பேரடைகளையும் எடுத்துக்கொண்டார்கள். மையத்தின் ஒளி தெரியாதபடி செய்து, எது எது என்று சொல்லாமல், பத்துப் பேரிடம் உருவத்தை மதிப்பிடச் சொன்னார்கள். செயலுறு பேரடைகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் பெரிய சிதைவு இல்லை. இரு வகையிலும் சிதைவின் விகிதம் வேறுபடவுமில்லை. நடுத்தர ஒளியுள்ளவற்றுக்கேனும் பெரும் மோதல் முதன்மைக் காரணமாக இருக்க முடியாது என்பதே என் முடிவு.

மறுபுறம், மிகச் சிறிய தொலைவுகளில் கதை மாறுகிறது. 2006இல் ஜோசப் ஹென்னாவி குழுவினர், ஏறத்தாழ 2 லட்சம் ஒளி ஆண்டுக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரட்டைக் குவேசார்கள், பெரிய தொலைவுத் திரட்சியை நீட்டிப் பார்த்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிடப் பத்து மடங்கு அளவுக்கு மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். தோழி சொன்ன அந்த 55 விகலைச் சிக்கலைத் தாண்ட, தவறவிடப்பட்ட ஜோடிகளைத் தனித்தனியாக மீண்டும் நோக்கித்தான் இதைச் சாதித்தார்கள். ஒட்டி நிற்பவை ஒன்றையொன்று தூண்டுகின்றன என்று இதைப் படிக்கலாம். அடர்ந்த இடத்தில் வாயுவும் மிகுதி என்று மட்டும் படிப்பதற்கும் இடமுண்டு.

---

நிறமாலை | புதன், இரவு 9:00

இதுவரை நான் எளிமைக்காக மறைத்த ஒன்றை இப்போது திறக்க வேண்டும். நான்கு லட்சம் கோடி என்ற எண், கண்ணுறு ஒளியில் கண்டறிந்த குவேசார்களுக்கு உரியது. வேறு கண்ணால் பார்த்தால் வேறு எண் வருகிறது. எக்ஸ் கதிரில் கண்டறிந்த நடுத்தரச் செயலுறு பேரடைகளின் திரட்சி, பத்து லட்சம் கோடிக்கு மேற்பட்ட ஹாலோக்களைக் காட்டுகிறது. மண்டல்பாம் குழுவினர் ரேடியோவில் ஒளிர்பவற்றுக்குக் கண்ட ஹாலோ நிறை, கண்ணுறு ஒளியில் கண்டறிந்த அண்மைச் செயலுறு பேரடைகளுக்குக் கண்டதைப்போல் சுமார் இருபது மடங்கு.

பிரகாசமான குவேசார் சிறிய ஹாலோவிலும், மங்கலான எக்ஸ் கதிர் மையம் பெரிய ஹாலோவிலும் இருப்பதா என்று இது நீண்டநாள் புதிராக இருந்தது. இதில் ஒரு பகுதி சராசரியின் விளையாட்டு என்பது என் கருத்து. ஒரு தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்களிடம் இரண்டிரண்டு ஏக்கரும் பத்தாமவரிடம் நூறு ஏக்கரும் இருந்தால், சராசரி பன்னிரண்டு ஏக்கருக்கு அருகில் வரும். அந்தத் தெருவில் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் எவருமில்லை. பெரிய கொத்துக்குள் துணைப் பேரடையாக இருக்கும் ஒரு சில செயலுறு பேரடைகள் திரட்சியை வெகுவாக உயர்த்திவிடும். 2015இல் அலெக்சி லியோதோ குழுவினர் காஸ்மோஸ் வயலில் ஒளிவளைவைக் கொண்டு ஆராய்ந்தபோது, எக்ஸ் கதிர்ச் செயலுறு பேரடைகளின் ஹாலோக்கள், அதே விண்மீன் நிறையுள்ள சாதாரணப் பேரடைகளின் ஹாலோக்களிலிருந்து வேறுபடவில்லை.

அதாவது எந்த அலைநீளத்தில் தேடுகிறோமோ அது எந்த வகை வீட்டைத் தேர்கிறது என்பதே திரட்சியைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இதற்கு ஓர் உறுதியான விதிவிலக்கு உண்டு. ரேடியோ வகை மட்டும், அதே விண்மீன் நிறையுள்ள சாதாரணப் பேரடைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமான ஹாலோக்களில் இருக்கிறது. பெரிய ஹாலோவைச் சூடான வாயு நிரப்பியிருக்கிறது, அது மெல்லக் குளிர்ந்து மையத்தில் சொட்டுகிறது, கருந்துளை தாரைகளை வீசி அதை மீண்டும் சூடாக்குகிறது. இங்கே மட்டும் வீட்டின் அளவு விளக்கின் எரிபொருளையே நேரடியாகத் தருகிறது என்று நம்ப இடமிருக்கிறது.

தூசியால் மறைந்த குவேசார்களைப் பற்றியும் ஒரு சொல். நாம் பார்க்கும் கோணம்தான் வேறு, பொருள் ஒன்றே என்பது பழைய ஒருமைக் கோட்பாடு. கோணம் மட்டுமே காரணமென்றால், மறைந்தவையும் மறையாதவையும் ஒரே அளவு திரள வேண்டும். கோணத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் தொடர்பே இருக்க முடியாது. அகச்சிவப்பில் தேர்ந்த சில ஆய்வுகளில் மறைந்தவை கூடுதலாகத் திரண்டிருந்தன. தோழி சொன்ன அதே மறைப்புப் பகுதிகளைக் கவனமாக வெட்டியபோது வேறுபாடு குறைந்தது. முற்றிலும் மறையவில்லை என்று ஒரு சாராரும், வேறுபாடே இல்லை என்று மறுசாராரும் எழுதியிருக்கிறார்கள்.

---

குறிஞ்சிவாணன் | வியாழன், காலை 6:50

எல்லாக் காலத்திலும் ஒரே நிறை என்ற அந்த விதி, மிகத் தொன்மையான காலத்துக்கும் பொருந்துகிறதா?

---

நிறமாலை | வியாழன், இரவு 8:20

நிறை பெரிதாக மாறவில்லை, அதன் பொருள் மாறிவிடுகிறது. 2007இல் யூ ஷென் குழுவினர் ஸ்லோன் குவேசார்களில் செம்பெயர்ச்சி 2.9க்கு மேற்பட்டவற்றை எடுத்துப் பார்த்தபோது, திரட்சி அண்மைக்காலக் குவேசார்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீண்ட தொலைவுக்குப் பரவியிருந்தது. 3.5க்கு மேல் அது இன்னும் கூடியது. சுமார் 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் சில லட்சம் கோடி நிறையுள்ள ஹாலோ என்பது மிக அரிய சிகரம். அத்தகைய ஹாலோக்களே மிகக் குறைவு என்பதால், அவற்றில் கணிசமானவை ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தால்தான் நாம் காணும் எண்ணிக்கை கிடைக்கும். அந்தக் காலத்தில் விளக்குகள் கூடுதல் நேரம் எரிந்திருக்கின்றன.

---

தரவுத்தோழி | வெள்ளி, இரவு 10:10

கிட் பீக்கில் உள்ள 4 மீட்டர் மேயல் தொலைநோக்கியில் 2021 முதல் டெசி என்ற கருவி இயங்குகிறது. தகடும் துளையும் இல்லை, 5,000 இழைகளையும் சிறு இயந்திரக் கைகளே இலக்கை நோக்கி நகர்த்துகின்றன. ஒவ்வொரு கைக்கும் அது எட்டக்கூடிய சிறு வட்டம் மட்டுமே உண்டு என்பதால் அருகிலுள்ள ஜோடிகள் இங்கேயும் தவறும், வேறு வடிவில். அதன் முதல் பட்டியலை இறக்கி வைத்திருக்கிறேன். எந்தக் கை எந்த இலக்கைத் தேர்ந்தது என்ற விவரத்தைப் போலிப் பட்டியலில் சேர்க்கும் நிரலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். குறிஞ்சிவாணன் விரும்பினால் இருவரும் சேர்ந்து ஜோடிகளை எண்ணலாம். ஐயா கணக்கைச் சரிபார்க்க இசைந்தால் இன்னும் நல்லது.

---

பழைய கரும்பலகை | சனி, காலை 5:40

இசைகிறேன், அம்மா. முதலில் பரப்பைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக விட்டுவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். விடை எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்த பிறகு பயஸைப் பற்றிப் பேசுவோம்.